அமாவாசைக்கு அமாவாசை வந்தவர்

ஒரு மனிதர் என்னைக் கொல்வதற்காக மாதம் ஒரு முறை வந்து போகிறார் என்று ஏழு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். கத்தி, கம்பு எதுவும் அவர் கையில் இருந்ததில்லை. கண்ணாலேயே கொல்வார் என்பது என் முடிவு. அப்போது நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன், இரண்டு பாஷையிலும் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. இவ்வளவு படிப்பும் உத்தியோகமும் சேர்ந்து அமாவாசை வந்தால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரிக்கார்டு ரூமுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

நினைத்தால் சிரிப்பு வருகிறது. எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அது பாதி வழி வரைக்கும்தான் வருகிறது.

பொன்னேரி தாலுகா ஆபீஸில் என் நாற்காலி ஜன்னலோரம். வெளியே சைக்கிள் கொட்டகை, அதையொட்டி ஒரு வாதாமரம். மரத்தடியில் நல்ல நிழல் உண்டு. பட்டா கேட்டு வருகிறவன், ஜாதி சர்டிபிகேட்டுக்கு வருகிறவன், சும்மா வருகிறவன், எல்லோரும் அந்த நிழலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர் மட்டும் நிழலை விட்டு இரண்டடி தள்ளி வெயிலில் நிற்பார். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஐம்பது வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே சேறு ஊறி ஊறி நிறம் மாறிய கால்கள். உழவர் என்று சொல்ல அந்தக் கால்கள் போதும். ஆனால் கழுத்துக்கு மேலே வேறு ஆள். அன்றைக்குச் செய்த ஷவரம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றியில் பட்டை பட்டையாய்த் திருநீறு. போட்டோ பிடிக்கப் போகிறவர் மாதிரி ஜோடனை. வந்து நின்றதும் என் ஜன்னலைப் பார்ப்பார். நான் பார்க்கிற வரைக்கும் பார்ப்பார். நான் பேனாவிலிருந்து தலையைத் தூக்கி ஒரு முறை அவரைப் பார்த்துவிட்டால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் குவித்து, கொஞ்சம் உரக்கச் சொல்வார்.

“கீறேன் சாமி.”

சில மாதங்களில் கூட ஒன்று சேரும். “மாடும் கீது சாமி.”

இருக்கிறேன், மாடும் இருக்கிறது. அவ்வளவுதான். திரும்பி நடந்துவிடுவார். டீ வாங்கிக் கொடுத்தாலும் நிற்க மாட்டார். மனு கிடையாது, புகார் கிடையாது, வேண்டுதல் கிடையாது. தாலுகா ஆபீஸுக்கு ஒன்றும் கேட்காமல் வந்து போகிற மனிதனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நான் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் பயந்தேன்.

அவர் யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசிப் புயல் ஆரம்பாக்கம் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. கூரைகள் பறந்தன, மாடுகள் செத்தன. வழக்கமாக அரிசியும் வேட்டி சேலையும் கொடுப்பார்கள். அந்தத் தடவை மாடு செத்தவர்களுக்குக் கையில் ரொக்கமாகக் கொடுக்க உத்தரவு வந்தது. ஆபீஸில் பெரியவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். காசைக் கையில் கொடுத்தால் அது நேராகச் சாராயம் காய்ச்சுகிற இடத்துக்குத்தான் போகும் என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். பட்டணத்துப் பக்கம் திருவள்ளூரில், கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நெய், தயிர், அக்காரவடிசல்.

அவர் ஊரில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டு நான்தான் பட்டுவாடா செய்தேன். பக்கத்தில் ஊர் முன்சீப் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னார். என் அமாவாசைக்காரருக்கு ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். ஒரு ஜோடி மாடு. அதில் ஒன்றின்மேல் சுவர் விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்று, ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் பூட்ட முடியாது. புயல் வந்ததில் ஏரி நிரம்பிக் கிடந்தது, நவரை நடவுப் பட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேலண்டை நிலத்துக்காரர் ஏற்கெனவே ஆள் அனுப்பிவிட்டாராம், உழ முடியாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், என்னிடம் எழுதிக் கொடுத்துவிடு என்று. இந்தப் பட்டம் தப்பினால் நிலம் போனதுதான் என்று முன்சீப் என் காதில் சொன்னார். இன்னொரு மாடு வந்தால் நிலம் நிற்கும், வராவிட்டால் நிற்காது. அவர் பிழைப்பு அந்த ஒரே கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

செத்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். முன்சீப் எழுத்தே போதும், ஆனால் அவர் செத்த மாட்டின் மூக்கணாங்கயிற்றை அறுத்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கையிலும் ஏந்தி மேசைமேல் வைத்தார். நானும் அரசாங்கப் புத்தியோடு அதற்கு ஒரு சீட்டுக் கட்டி, எண் போட்டு, ஃபைலோடு சேர்த்துக்கொண்டேன்.

பணத்தை வாங்கியதும் மற்றவர்கள் மாதிரி விரலில் எச்சில் தொட்டு எண்ணவில்லை. என் முகத்தையே பார்த்தார். இது யாருடைய பணம் என்று கேட்டார். சர்க்கார் பணம் என்றேன். எப்போது திருப்பிக் கட்ட வேண்டும் என்றார். கட்டவே வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் பயம்தான் வந்தது, சந்தோஷம் வரவில்லை. திருப்பிக் கட்ட வேண்டாத பணத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. அதற்குமேல் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வரிசை நீளம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நான் வாய் ஓயாமல் பேசுகிற ஜன்மம்.

அடுத்த அமாவாசைக்கு வாதாமரத்துப் பக்கத்தில் வந்து நின்றார்.

முதல் இரண்டு மாதம் நான் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் மாதம் பியூன் முனுசாமியை அனுப்பி விசாரிக்கச் சொன்னேன். முனுசாமி அதே பக்கத்து ஆள், அவர்கள் பேச்சு அவனுக்கு வரும். போய் ஐந்து நிமிஷம் பேசிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“ஒண்ணியும் வேணாமாம் சார். சும்மா ஒன்னப் பாக்கத்தான் வந்துகீறாராம்.”

“என்னைப் பார்த்து என்ன செய்யப் போகிறாராம்?”

“அதெல்லாம் தெரில சார். வேற வேலை இல்லியான்னு கேட்டேன். இதான் வேலைன்றாரு.”

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை என்றால் ஏன் என்னை? கலெக்டரைப் பார்க்கட்டும், தாசில்தாரைப் பார்க்கட்டும், லட்சணமாக இருக்கிறார்கள். நாலாம் மாதம் ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு அவர் வந்த தேதிகளைக் குறித்துப் பார்த்தேன். எல்லாம் அமாவாசை. ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் வீட்டில் அமாவாசை என்றால் தர்ப்பணம், வாழைக்காய். எங்கள் தெருவுக்கு வெளியே அமாவாசை என்றால் செய்வினை. மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்ற வேண்டும்?

பிறகு எனக்கு நடந்ததையெல்லாம் அவர் கணக்கில் எழுதினேன். ஒரு அமாவாசை கழித்து உட்காருகிற இடத்தில் கட்டி வந்தது. ஒரு வாரம் நின்றுகொண்டே அரசாங்கத்துக்கு உழைத்தேன். ஒரு அமாவாசை கழித்துக் காஞ்சீபுரத்துச் சம்பந்தம் தட்டிப் போனது. பெண்ணின் தகப்பனார் ஆபீஸ் வாசலுக்கே வந்து என் வாயைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது காரணமாக இருக்கலாம், ஆனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

யோசித்து யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். மூக்கணாங்கயிறு. செத்த மாட்டின் கயிறு அந்த ஃபைலோடு என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அவருக்கு அது வேண்டும், கேட்க வாய் வரவில்லை. இவ்வளவுதானா என்று துள்ளிக் குதித்தேன். அடுத்த அமாவாசைக்கு நானே சீட்டை அவிழ்த்து, கயிற்றைக் காகிதத்தில் சுற்றி முனுசாமியிடம் கொடுத்து அனுப்பினேன். ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முனுசாமி காகிதத்தைப் பிரித்து நீட்டியதும் அவர் பாம்பைக் கண்ட மாதிரி பின்னால் போனார். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போனார். வேண்டாம், வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும், ஐயாகிட்டயே இருக்கட்டும் என்றாராம். கண்ணில் தண்ணீர் நின்றது என்றான் முனுசாமி.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொடுத்ததைத் திருப்பி வாங்க மறுக்கிறார். அப்படியென்றால் அந்தக் கயிற்றில் என்ன கட்டி வைத்திருக்கிறார்? அதற்குப் பிறகு என் இழுப்பறையை நான் திறக்கவே இல்லை. பென்சில்கூட அடுத்த மேசையில் கடன் வாங்கினேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மந்திரக்காரர் இருந்தார். தெலுங்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் போனேன். முதலில் டப்பு வை நைனா என்றார். வைத்தேன். அமாவாசை என்றதும் உதட்டைப் பிதுக்கினார், கயிறு என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இடுப்பில் ஒரு தாயத்தைக் கட்டிவிட்டு ஓர் உபாயம் சொன்னார். அந்த ஆள் வந்து நின்றால் ஒளியாதே. நீயாக முதலில் தலையைத் தூக்கி அவன் முகத்தை நேராகப் பார்த்துவிடு, அவன் பலம் இறங்கிவிடும் என்றார்.

அதற்கு முன்னால் நான் ஒளிந்துதான் பார்த்திருந்தேன். ஒரு மாதம் காலையிலிருந்து ரிக்கார்டு ரூமில், ஜமாபந்திக் கட்டுகளுக்கு நடுவில், செல்லரித்த காகிதத் தூளைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்தால் மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருக்கிறார். நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும்போது அதே இடத்தில் நிற்கிறார். ராத்திரி ரயில்வே ஸ்டேஷனில் படுத்திருந்தாராம். ஒளிந்தால் இரண்டு நாள் நிற்பார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மந்திரக்காரர் சொன்னபடி செய்தேன். அவர் வந்து நின்ற மறு நிமிஷம் தலையைத் தூக்கி முறைத்துப் பார்த்தேன். கீறேன் சாமி என்றார், போய்விட்டார். என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தாயத்து பலித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் தலை தெரிந்ததும் நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே முறைப்பேன். அவரும் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுப் போவார். இரண்டு பேருக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது.

லீவுக்கு ஊருக்குப் போனபோது தாயத்து அப்பா கண்ணில் பட்டுவிட்டது. “பெருமாள் பிரசாதம் தின்னு வளர்ந்த உடம்புடா அது, அதுல போய்ச் செப்புத் தகட்டைக் கட்டிண்டு நிக்கறியே” என்றார். பிறகு இதில் எவ்வளவு ஏமாந்தாய் என்று கேட்டார். நான் பாதித் தொகையைச் சொன்னேன். அதற்கே ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஆர்.ஐ., அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டரோடு பயிர் பார்க்க அவர் ஊருக்குப் போக நேர்ந்தது. அன்று அமாவாசை இல்லை, அதனால் தைரியமாகப் போனேன். வரப்பில் நடக்கும்போது முன்சீப் கை நீட்டிக் காட்டினார். அவர் உழுதுகொண்டிருந்தார். ஜோடி ஒரு வேடிக்கை. ஒன்று உயரமான வெள்ளை, பழையது. இன்னொன்று கறுப்பு, குட்டை, ஒரு கொம்பு காதுப் பக்கம் வளைந்தது. நுகத்தடி ஒரு பக்கம் சாய்ந்தே போயிற்று. பணத்தை வாங்கிய கையோடு அவர் ஊத்துக்கோட்டைச் சந்தைக்கு மூன்று வாரம் நடந்தாராம். நல்ல மாடு வாங்கினால் மொத்தப் பணமும் போய்விடும் என்று, கொம்பு கோணலாக இருந்ததால் யாரும் கேட்காத அந்தக் கறுப்பைப் பிடித்திருக்கிறார். மிச்சத்தில் விதை நெல், கூரைக்கு ஓலை. தன் நிலத்தை உழுது முடித்துவிட்டு, மாடு இழந்த மற்றவர்கள் நிலத்தையும் கூலிக்கு உழுதிருக்கிறார். மேலண்டைக்காரர் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

“அரிசியா குடுத்திருந்தா ஒரு மாசத்துல துன்னு தீத்துட்டு நெலத்த உட்டிருப்பான் சாமி,” என்றார் முன்சீப். “காசா குடுத்தீங்க. அவனுக்கு இன்னா ஓணும்னு அவனுக்குத்தான தெரியும், அத்த வாங்கிக்கினான்.”

சாராயம் காய்ச்சுகிற இடத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஏரை நிறுத்தினார். கறுப்பு மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் வேகவேகமாக என் பக்கம் வந்தார். வந்து மாட்டின் தாடையைப் பிடித்து அதன் முகத்தை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். மாடு என்னைப் பார்த்தது. அவரும் பார்த்தார். இரண்டு ஜோடிக் கண்கள். நான் தாயத்தைத் தடவிக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தேன். அங்கே வரப்பு இல்லை, வாய்க்கால் இருந்தது. ஆர்.ஐ. சிரித்தார், முன்சீப் சிரித்தார், நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் வாய்க்காலில் இறங்கி என்னைத் தூக்கிவிட்டார். என் கைகால்களைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அடிபட்டிருக்குமோ என்ற பதற்றம் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு என்னைத் தொட்டுவிட்டாரே என்று மூன்று நாள் காய்ச்சலில் படுத்தேன்.

வயலிலேயே நேரில் பார்த்தாகிவிட்டதே, அந்த மாதம் வர மாட்டார் என்று நினைத்தேன். அமாவாசைக்கு வந்தார்.

இரண்டு வருஷம் முடிந்து எனக்குத் திருவள்ளூருக்கு மாற்றல் வந்தது. சொந்த ஊர், சொந்த வீடு, அப்பா கைச் சோறு. அதையெல்லாம்விட, ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூருக்கு வர வேண்டுமென்றால் ஊத்துக்கோட்டை போய் பஸ் மாற வேண்டும், ஒரு நாள் பாடு. என் புதிய ஆபீஸ் எது என்று யாருக்கும் சொல்லக் கூடாது என்று முனுசாமியிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திருவள்ளூரில் அமாவாசை என்றால் ஊர் கொள்ளாது. நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து குளத்தில் முழுக்குப் போட்டு, வெல்லம் கரைத்து, பெருமாளைச் சேவித்துவிட்டுப் போவார்கள். மூன்றாவது அமாவாசையன்று ஆபீஸில் உட்கார்ந்து சந்தோஷமாக ஒரு பழைய ஃபைலைத் தைத்துக்கொண்டிருந்தேன். பிடரியில் என்னவோ ஊர்ந்தது. தலையைத் தூக்கினேன். எதிர்ச்சுவர் ஓரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“கீறேன் சாமி.”

கோணி ஊசி என் கட்டை விரலில் இறங்கியது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அமாவாசைக்கு யாரோ குளத்தில் முழுக வந்திருப்பான், உனக்குத்தான் பித்து என்றார் அப்பா. முனுசாமிக்கு ஒரு கார்டு எழுதி, துரோகி என்று ஆரம்பித்து நாலு வரி திட்டினேன். அவன் பதில் போட்டிருந்தான், எழுதத் தெரிந்த யாரையோ பிடித்து. இரண்டு அமாவாசையாக அந்த ஆள் மரத்தடியில் நின்று, புதிதாக வந்த குமாஸ்தாவைப் பார்க்க மாட்டேன், அந்த ஐயாவைத்தான் பார்க்க வேண்டும் என்று அழுததாகவும், காலில் விழுந்ததாகவும், பார்க்கச் சகிக்காமல் சொல்லிவிட்டதாகவும், சார் மன்னிக்கவும் என்றும்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, தலை முன்பக்கம் வழுக்கை விழுந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் பொட்டல் காட்டில் தொழிற்பேட்டை வந்தது, நிலம் வாங்குகிற புரோக்கர்கள் மோட்டார் பைக்கில் ஊர் ஊராகப் போனார்கள். அவர் வருவது நிற்கவில்லை. முடி நரைத்தது, முதுகு கொஞ்சம் வளைந்தது, ஜோடனை மட்டும் மாறவில்லை. எனக்குப் பயம் பழகிவிட்டது. அமாவாசையன்று காலையில் சட்டை மாற்றும்போதே இன்றைக்கு அவர் வருவார் என்று நினைப்பு வரும். முறைப்பதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. தலையை ஆட்டுவேன். அவர் கும்பிடுவார்.

இத்தனை வருஷத்தில் எழுந்து போய், எதற்கய்யா வருகிறீர் என்று ஒரு வார்த்தை நானாகக் கேட்கவில்லை. அறுபது அடி தூரம் இருக்காது.

ஏழாவது வருஷம் ஒரு அமாவாசைக்கு அவர் வரவில்லை. மத்தியானம் வரை சுவரைப் பார்த்தேன். சாயங்காலம் பூட்டும்வரை பார்த்தேன். விட்டது சனியன் என்று வாய் சொல்லிற்று. வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த அமாவாசைக்கு அதே இடத்தில், அதே வெயிலில், ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை, திருநீறு இருந்தது. தோளில் அவருடைய துண்டு. என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு கையைக் குவித்தாள். உதடு அசைந்தது, குரல் வெளியே வரவில்லை.

அன்றைக்குத்தான் எழுந்து போனேன். 

“அவரு போயிட்டாரு சாமி,” என்றாள். “அஞ்சு நாளு ஜொரம். அதான் போன அமாவாசைக்கு வர முடியல. அத்த வெச்சி ஒண்ணும் பண்ணிடாதீங்க. சாவறப்போ கூட அமாவாசை என்னிக்கு, அமாவாசை என்னிக்குன்னு கேட்டுக்கினே இருந்தாரு.”

எதற்காக அம்மா அமாவாசை என்று கேட்டேன்.  மாட்டுக்கு அன்றைக்குத்தானே ஓய்வு, அமாவாசையில் ஏர் பூட்ட மாட்டோமே, வேறு நாளில் வந்தால் உழவு கெட்டுப் போகும் அல்லவா என்றாள். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள். அது இருக்கட்டும், எதற்காக வந்தார் என்றேன். இப்போது அவள் முகத்தில் பயம் வந்தது. நான் அவளைப் பரீட்சை பண்ணுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

“மாசத்துக்கு ஒரு தபா வந்து எனக்கு மொகத்தைக் காட்டணும், காட்டலன்னா மாட்டை ஓட்டிக்கினு போயிடுவோம்னு நீங்கதான சாமி சொன்னீங்க. பணம் குடுத்த அன்னிக்கு. நானும் பின்னால நின்னுக்கினு இருந்தேன்.”

எனக்கு ஒன்றும் நினைவில்லை. எவ்வளவு தோண்டிப் பார்த்தும் அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. ஆனால் அது என்னுடையதுதான். என் வாயிலிருந்து விழக்கூடிய வாக்கியம் எது என்று எனக்குத் தெரியாதா? மேசையைச் சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்திருப்பார்கள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டிருப்பேன். கயிற்றைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியபோது, மாட்டைத் திருப்பிக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அவள் இன்னும் போகவில்லை. துண்டின் முனையை முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். கறுப்பு மாடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துவிட்டதாம். அவர் அதை எங்கேயும் சொல்லவில்லை. நெல் விற்ற பணத்தில், மூன்று சந்தை அலைந்து, அதே மாதிரி இன்னொரு கறுப்பு மாட்டை வாங்கிக் கட்டிவிட்டார்.

“அதே கலருதான் சாமி. கொம்பு மட்டும் நேரா கீது. அத்தனால கோச்சிக்காதீங்க. நெலம் அப்பிடியே கீது, ஒரு சென்ட்டு கூட உடல. பெரியவன் கும்முடிப்பூண்டி கம்பெனில வேலைக்குப் போறான், சின்னவன் உழறான். இனிமே நான் வரேன். என் மொகம் செல்லுமா சாமி?”

அது விளையாட்டுக்குச் சொன்னதம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் மழையில் நின்றதும், ஸ்டேஷனில் படுத்ததும், ஒவ்வொரு அமாவாசையும் பஸ்ஸுக்குக் காசு சேர்த்ததும் என்ன ஆகும்? அவரை இரண்டாம் தடவை கொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உள்ளே போனேன். ஒரு வெள்ளைக் காகிதத்தில், இவர் மாடு இவருக்கே சொந்தம், இனி யாரும் நேரில் வர வேண்டியதில்லை என்று எழுதி, ஆபீஸ் வட்ட முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினேன். சட்டப்படி அது குற்றம். அவளிடம் கொடுத்து, செல்லும் அம்மா, எல்லாம் முடிந்துவிட்டது என்றேன்.

அவள் காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். போவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, முகத்தை நிமிர்த்தி ஒரு நிமிஷம் எனக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்தேன். பிறகு போனாள். அடுத்த அமாவாசைக்கு யாரும் வரவில்லை, அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை.

பொன்னேரிக்கு ஒரு வேலையாகப் போனபோது பழைய கட்டுகளில் தேடி அந்தப் புயல் நிவாரண உத்தரவை எடுத்து வாசித்தேன். ஒன்றரைப் பக்கம். மாடு இழந்தவர்களுக்கு ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், திருப்பி வசூலிக்கக் கூடாது என்று இருந்தது. வேறு நிபந்தனை எதுவும் இல்லை. பணம் வாங்கியவர் யாரும் எங்கேயும் வந்து யாருக்கும் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. பட்டுவாடா செய்த குமாஸ்தா அப்படிச் சொன்னான், அவர் வந்தார்.